அடிமனை யாருடையது? குத்தகைக் கெடு முடியுமுன் பார்க்க வேண்டியவை

(வடசென்னையில் குடியிருப்போர் கூட்டம் ஒன்றில், பத்திரப் பதிவு அலுவலகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மின்விசிறி அந்தப் பக்கம் சரியாகச் சுத்தலை போலிருக்கு. அங்கே உட்கார்ந்திருக்கிறவங்க கொஞ்சம் முன்னாடி வந்துடுங்க. நான் பேசப்போறது நீளம்.

முதலில் ஒரு கேள்வி. உங்க வீடு சொந்த வீடா, வாடகை வீடா? ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் இந்தக் கேள்விக்கு மூணாவதா ஒரு பதில் உண்டு. "வீடு எங்களுது, மனை கோயிலுது." அடிமனைன்னு சொல்றோமே, அதுதான். செங்கல், சிமென்ட், ஓடு, கதவு எல்லாம் நம்ம காசு. அது நிக்கிற மண் நம்முடையது இல்லை. மாசம் ஒரு தொகை கட்டுறோம், அதுக்குப் பேர் அடிமனை வாடகை. அந்த மண்ணுக்கு ஒரு குத்தகை உண்டு, குத்தகைக்கு ஒரு கெடு உண்டு. அந்தக் கெடு என்னைக்கு முடியுதுன்னு தெரிஞ்சவங்க கை தூக்குங்க பார்ப்போம்.

நாலு பேர். பரவாயில்லை. நான் பதிவு அலுவலகத்தில் 31 வருஷம் இருந்தவன், எனக்கே தெரியாமத்தான் இருந்தது. அதை முதலில் சொல்லிடுறேன்.

எங்க அப்பா துறைமுகத்தில் சுமை வேலை. 1967-ல் ஒரு கோயில் மனையை மூணு வருஷக் குத்தகைக்கு எடுத்து, ஓட்டு வீடு கட்டினார். எந்தக் கோயில்ங்கிறது இங்கே முக்கியமில்லை. வாடகை மாசம் 6 ரூபாய். மூணு வருஷம் முடிஞ்சது. யாரும் வந்து கேட்கலை, அப்பாவும் போய்ப் புதுப்பிக்கலை. வாடகை மட்டும் போய்க்கிட்டே இருந்தது. 1994-ல் அப்பா காலமானார். அதுக்கப்புறம் 17 வருஷம் நாங்க வாடகை கட்டினோம், ரசீது அப்பா பேரிலேயே வந்தது. ஊர்ல இருக்கிறவங்க பத்திரத்தை எல்லாம் காலையில் இருந்து சாயங்காலம் வரைக்கும் பார்க்கிறவன் நான். எங்க வீட்டு அலமாரியில் இருந்த ரசீதில் செத்துப்போன மனுஷன் பேர் இருக்கேன்னு ஒரு நாள்கூட எனக்கு உறைக்கலை.

2011-ல் நோட்டீஸ் வந்தது. அதில் எங்களை "ஆக்கிரமிப்பாளர்"னு எழுதியிருந்தது. அம்மாவுக்கு அப்போ 78 வயசு. படிச்சுக் காட்டச் சொன்னாங்க. படிச்சேன். "நாம யார் வீட்டையாவது பிடுங்கிட்டமாடா?"ன்னு கேட்டாங்க. அந்தக் கேள்விக்கு அன்னைக்கு என்கிட்ட பதில் இல்லை. இன்னைக்கு நான் இங்கே நிக்கிறதுக்கு அந்தக் கேள்விதான் காரணம்.

அந்த வார்த்தை எங்கேயிருந்து வந்ததுன்னு பிறகு தேடிப் பார்த்தேன். இந்து சமய அறநிலையச் சட்டம், 1959. அதில் 78-வது பிரிவு. ஆக்கிரமிப்பாளர்னா யார்னு அதிலேயே விளக்கம் இருக்கு. அனுமதி இல்லாம நுழைஞ்சவர் மட்டுமில்லை; குத்தகைக் காலம் முடிஞ்ச பிறகும், அல்லது ரத்தான பிறகும் தொடர்ந்து இருக்கிறவரும் ஆக்கிரமிப்பாளர்தான். அதாவது 44 வருஷமா வாடகை பாக்கி வைக்காத குடும்பமும், நேத்து ராத்திரி கொட்டகை போட்டவரும் சட்டத்தின் கண்ணுக்கு ஒரே வரிசையில் வந்துடலாம். நியாயமான்னு கேட்டா எனக்கும் மனசு ஒப்பலை. ஆனா சட்டம் அப்படித்தான் இருக்கு, அதைத் தெரிஞ்சுக்கிட்டுத்தான் நாம நடந்துக்கணும்.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. கோயில் சொத்துன்னா யாரோ ஒருத்தர் வீட்டுச் சொத்து இல்லை. திருவொற்றியூர் தியாகராஜர் கோயிலையே எடுத்துக்குங்க. அங்கே முதலாம் ராஜேந்திர சோழன் காலத்துக் கருங்கல் விமானம் நிக்குது. விளக்குக்கும் பூசைக்கும் நிலம் எழுதி வைச்ச சேதி அங்கே கல்வெட்டில் இருக்கு. நிலத்தைக் கொடுத்தவங்க அதில் வர்ற வருமானம் கோயிலுக்குப் போகணும்னு கொடுத்தாங்க. 6 ரூபாய்க்கு அந்த மண் என்னைக்கும் நமக்கே இருக்கட்டும்னு நாம சொன்னா, அதுவும் நியாயமில்லைதானே?

சரி, சட்டத்தில் நமக்கு ஒண்ணுமே இல்லையான்னா, ஒரு காலத்தில் இருந்தது. 1921-ல் சென்னை நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம்னு ஒண்ணு போட்டாங்க. அதன் முகவுரையைப் படிச்சா ஆச்சரியமா இருக்கும். நியாயமான வாடகை கட்டுற வரைக்கும் வெளியேத்த மாட்டாங்கங்கிற நம்பிக்கையில் அடுத்தவர் மனையில் வீடு கட்டினவங்களுக்குப் பாதுகாப்பு வேணும், அதுக்காக இந்தச் சட்டம்னு காரணம் சொல்லுது. நம்பிக்கைங்கிற சொல்லைச் சட்டத்தில் அடிக்கடி பார்க்க முடியாது. அந்தச் சட்டப்படி வெளியேத்தணும்னா கட்டடத்துக்கு இழப்பீடு கொடுக்கணும். 9-வது பிரிவில் அதைவிடப் பெரிய உரிமை: வெளியேத்தச் சொல்லி வழக்கு வந்தா, அந்த மனையையே விலைக்குக் கொடுக்கச் சொல்லிக் குடியிருப்பவர் நீதிமன்றத்தில் மனு போடலாம்.

இன்னைக்கும் சில பெரியவர்கள், "எங்களுக்கு ஒன்பதாவது செக்‌ஷன் இருக்கு"ன்னு தைரியமாச் சொல்றாங்க. ஐயா, தனியார் மனைன்னா, அதுவும் அந்தச் சட்டம் சொல்ற தேதிக்கு முன்னாடி வந்த குடித்தனம்னா, வக்கீல்கிட்ட கேளுங்க. கோயில் மனைக்கு அது இல்லை. 1996-ம் ஆண்டு 2-வது சட்டத்தின் மூலம் சமய நிறுவனங்களின் நிலங்களை அந்தப் பாதுகாப்பிலிருந்து எடுத்துட்டாங்க. அதை எதிர்த்துப் போன வழக்கில், 2005-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் திருத்தம் செல்லும்னு சொல்லிடுச்சு. மயிலாப்பூர் கிளப் வழக்குன்னு பேர். அதனால பழைய தைரியத்தை மூட்டை கட்டி வைச்சுடுங்க. இந்தத் தைரியத்தை நம்பி நோட்டீஸுக்குப் பதில் போடாம இருந்தவங்க எனக்குத் தெரிஞ்சே உண்டு.

வெளிநாட்டில் எப்படின்னு என் மருமகன் அடிக்கடி சொல்வான். இங்கிலாந்தில் பெரும்பாலான பிளாட்டுகள் குத்தகைதான், 99 வருஷம், 125 வருஷம்னு. 1993-ல் அங்கே ஒரு சட்டம் போட்டு, கூட 90 வருஷம் நீட்டிச்சுத் தரச் சொல்லிக் கேட்கிறதைக் குடியிருப்பவரின் உரிமையாவே ஆக்கிட்டாங்க. பணம் கட்டணும், ஆனா மாட்டேன்னு சொல்ல முடியாது. 2024-ல் போட்ட சட்டம் அந்த 90-ஐ 990 வருஷமாக்க வழி செய்யுது. சிங்கப்பூரில் நேர்மாறு. அங்கே கேலாங் லோரோங் 3-ல் 191 வீடுகள், 60 வருஷக் குத்தகை. 2020 டிசம்பர் 31-ஓட கெடு முடிஞ்சது, நிலம் அரசுக்குப் போயிடுச்சு, வீட்டுக்காரங்களுக்கு இழப்பீடும் இல்லை. நம்ம நிலைமை இந்த ரெண்டுக்கும் நடுவில். நீட்டிப்பு நமக்கு உரிமை இல்லை. ஆனா கேட்கலாம், கேட்டா கிடைக்கவும் செய்யும். கேட்காம இருந்தாத்தான் சிக்கல்.

எப்படிக் கேட்கிறது?

முதலில் உங்க ரசீதை எடுத்துப் பாருங்க. இன்னைக்கு வீட்டுக்குப் போனதும் பாருங்க. அதில் யார் பேர் இருக்கு? அப்பா பேரா, தாத்தா பேரா? அடுத்து, என்ன வார்த்தை போட்டிருக்கு? "வாடகை"ன்னு இருக்கா, "பயன்பாட்டு இழப்பீடு", "சேத ஈடு" மாதிரி எதாவது இருக்கா? ரெண்டும் ஒண்ணு இல்லை. வாடகைன்னு வாங்கினா உங்களைக் குத்தகைதாரராப் பார்க்கிறாங்கன்னு வாதாடவாவது இடம் உண்டு. சொத்து மாற்றச் சட்டத்தில் 116-வது பிரிவு, கெடு முடிஞ்ச பிறகும் உரிமையாளர் சம்மதத்தோட இருந்தா குத்தகை தொடர்றதாக் கொள்ளலாம்னு சொல்லுது. ஆனா அது பெரும்பாலும் மாசா மாசம் ஓடுற குத்தகைதான், 15 நாள் நோட்டீஸில் முடிச்சுடலாம். இழப்பீடுன்னு போட்டு வாங்கினா அந்தச் சம்மதமே இல்லைன்னு அர்த்தம் வந்துடும். ஒரு சொல்லில் இவ்வளவு இருக்கு.

சொத்து வரி ரசீது, கரண்ட் பில், குடும்ப அட்டை எல்லாம் என் பேரில் இருக்கே, போதாதான்னு கேட்பீங்க. போதாது. 2011-ல் திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி எல்லாம் சென்னை மாநகராட்சியோட சேர்ந்தது. வரி ரசீதில் பேர் மாறியது, மண்டலம் வந்தது. அடிமனை மாறலை. வரி ரசீது நீங்க அங்கே குடியிருக்கீங்கன்னு காட்டும். மண் உங்களுதுன்னு காட்டாது. மண் யாருதுன்னு பார்க்க நகர நில அளவைப் பதிவேடு இருக்கு, வருவாய்த் துறையின் இணைய சேவையில் பார்க்கலாம். வில்லங்கச் சான்று பதிவுத் துறை இணையத்தில் கிடைக்கும். கோயில் பதிவேட்டில் உங்க மனை யார் பேரில், எவ்வளவு சதுர அடி, நிலுவை எவ்வளவுன்னு தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி எழுதிக் கேளுங்க. 30 நாளில் பதில் தரணும். வாய்வார்த்தையாக் கேட்டு வராதீங்க. நான் கேட்டது மூணு தடவை, கிடைச்சது மூணு பதில்.

அடுத்து பேர் மாற்றம். நீட்டிப்பு கேட்கிறதுக்கு முன்னாடி இதுதான். செத்துப்போனவர் பேரில் யாரும் குத்தகையைப் புதுப்பிக்க முடியாது. இறப்புச் சான்று, வட்டாட்சியர் தர்ற வாரிசுச் சான்று (இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம்), மத்த வாரிசுகளின் சம்மதக் கடிதம், பழைய ரசீதுகள், நிலுவை இல்லைங்கிற கணக்கு. இதை வைச்சுக் கோயில் செயல் அலுவலருக்கு மனு. மனுவைக் கொடுத்ததும் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்க. தபாலில்னா சேர்ந்ததுக்கு ஆதாரம் கிடைக்கிற மாதிரி அனுப்புங்க.

இதில் கஷ்டமானது காகிதம் இல்லை, சம்மதம். எங்க வீட்டில் கல்யாணம் ஆகிக் கோயம்புத்தூரில் இருந்த தங்கச்சி உடனே கையெழுத்துப் போட்டா. கூடவே அதே வீட்டில் இருந்த தம்பி எட்டு மாசம் போடலை. கையெழுத்துப் போட்டா தன் பங்கு போயிடும்னு யாரோ சொல்லிட்டாங்க. மனையே நம்முது இல்லாதப்போ எந்தப் பங்கு போகும்? ஆனா அதைச் சொல்ல வேண்டிய விதமா நான் சொல்லலை. பதிவு அலுவலகத்துத் தோரணையில் சொன்னேன். கடைசியில் அம்மாதான் ஒரு ஞாயித்துக்கிழமை மீன் குழம்பு வைச்சு, சாப்பிட்ட கையோட கையெழுத்து வாங்கினாங்க. இந்த வழியைச் சட்டப் புத்தகத்தில் நான் பார்த்ததில்லை. உங்க வீட்டிலும் முயற்சி பண்ணிப் பார்க்கலாம்.

அப்புறம் காலம், வாடகை. சமய அறநிலையச் சட்டம் 34-வது பிரிவுப்படி, 5 வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகைக்கு ஆணையரின் அனுமதி வேணும். அது கோயிலுக்குத் தேவை அல்லது நன்மைன்னு அவர் கருதணும்; அதுக்கு முன்னாடி அறிவிப்பு வெளியிட்டு ஆட்சேபம் கேட்கணும். இந்த அனுமதி இல்லாம யாராவது "30 வருஷம் எழுதித் தர்றேன்"னு பத்திரம் நீட்டினா அது செல்லாது. நீட்டினவர் எவ்வளவு பெரியவரா இருந்தாலும் சரி.

வாடகையை நிர்ணயிக்க 34-ஏ பிரிவில் ஒரு குழு இருக்கு. மூணு வருஷத்துக்கு ஒரு தடவை உயர்த்தவும் இடம் இருக்கு. 6 ரூபாய் வாடகை நாலு இலக்கத்துக்குப் போனதைப் பார்த்து எங்க தெருவே கொதிச்சது. கூடுதல்னு நினைச்சா, உத்தரவு கிடைச்ச 30 நாளுக்குள்ள ஆணையரிடம் மேல்முறையீடு செய்யலாம். ஆனா நிர்ணயிச்ச தொகையைக் கட்டினதுக்கு ஆதாரம் வைச்சாத்தான் அந்த மேல்முறையீட்டையே எடுத்துக்குவாங்க. முதலில் கட்டு, அப்புறம் வாதாடு. இது தெரியாம எதிர்ப்புக் காட்டுறோம்னு வாடகையை நிறுத்தினவங்க, நிலுவைக்காகவே குத்தகை ரத்தாகிற இடத்துக்குப் போயிட்டாங்க. சங்கம் வைச்சு எதிர்க்கலாம், மனு கொடுக்கலாம், போராடலாம், அது உங்க உரிமை. வாடகையை மட்டும் நிறுத்தாதீங்க. இணையவழியில் கட்ட வசதி இருக்கு. கட்டின சீட்டை அச்செடுத்து வைங்க.

குத்தகை கிடைச்சதும் பதிவு செய்யணும். ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகை பதிவு இல்லாம நிக்காது. முத்திரைத் தீர்வை, 30 வருஷத்துக்கு உட்பட்டதுன்னா 1 சதவீதம். 99 வருஷம் வரைக்கும் 4. அதுக்கும் மேல 7. அஞ்சு வருஷக் குத்தகைக்கு ஒரு சதவீதம் பெரிய தொகை ஆகாது. அதை மிச்சம் பிடிக்கப் பார்த்துப் பதிவையே விட்டுடாதீங்க.

இப்போ வாங்குறவங்களுக்கு ஒரு வார்த்தை. அடிமனையில் மூணு மாடி கட்டி, மாடி மாடியா பிளாட்டுன்னு விக்கிறாங்க. "கட்டடம் மட்டும்"னு ஒரு பத்திரத் தாளில் எழுதி, நோட்டரி முத்திரை வைச்சுக் கொடுத்துடுறாங்க. பிளாட் வாங்கும்போது நாம கேட்கிற முதல் விஷயம் என்ன? மனையில் பிரிக்கப்படாத பாகம் எவ்வளவு. மனையே விக்கிறவருக்குச் சொந்தம் இல்லைன்னா, பாகம் பூஜ்யம். கெடு முடியுற அன்னைக்கு உங்க கையில் இருக்கிறது சுவரும் கூரையும்தான். பதிவுச் சட்டம் 22-ஏ பிரிவு 2016 அக்டோபரில் இருந்து நடைமுறையில் இருக்கு. கோயில் சொத்துக்கு விற்பனை, தானம், அடமானம், குத்தகை எதுன்னாலும், உரிய அதிகாரியின் அனுமதி இல்லாம சார்பதிவாளர் பதிவை மறுக்கணும். எங்கிட்ட வந்து அழுதவங்க உண்டு. பொண்ணு நகையை வித்து வாங்கினேன் சார்னு. நான் என்ன செய்ய முடியும்? மறுப்புச் சீட்டு எழுதிக் கொடுத்தேன்.

வாரியக் குடியிருப்பில் இருக்கிறவங்க, இது நமக்கு இல்லைன்னு எழுந்திரிச்சுடாதீங்க. 1970-ல் தொடங்கின குடிசை மாற்று வாரியம், 2021-ல் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்னு பேர் மாறியது. அங்கே ஒதுக்கீட்டு ஆணை, தவணை, எல்லாத் தவணையும் முடிஞ்ச பிறகு விற்பனைப் பத்திரம்னு ஒரு வரிசை. பத்திரம் வாங்குற வரைக்கும் வீடு வாரியத்துது. ஆனா நடுவிலேயே கைமாறிடுது. ஒதுக்கீடு ஒருத்தர் பேர், குடியிருக்கிறது நாலாவது ஆள், கையில் ஒரு பவர் பத்திரம். 2011-ல் சூரஜ் லாம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாச் சொல்லிடுச்சு: பவர், ஒப்பந்தம், உயில் இதையெல்லாம் வைச்சு சொத்துரிமை மாறாது.

இது எப்போ உறைக்கும் தெரியுமா? 2021 டிசம்பர் 27 ஞாபகம் இருக்கா? திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் 24 வீடுகள் கொண்ட வாரியக் கட்டடம் அப்படியே சரிஞ்சது. விரிசலைப் பார்த்து எல்லாரும் முன்கூட்டியே வெளியே வந்ததால உயிர் தப்பிச்சாங்க. அந்த மாதிரி ஒரு நாளில் நிவாரணம், மாற்று வீடு, திரும்பக் கட்டினா அதில் ஒதுக்கீடு எல்லாத்துக்கும் அதிகாரி கேட்கப்போற முதல் கேள்வி, "ஒதுக்கீட்டு ஆணை யார் பேரில்?" கட்டடம் நிக்கும்போதே அதைச் சரி பண்ணிக்குங்க. ஒதுக்கீடு வாங்கினவர் காலமாகியிருந்தா வாரிசுகள் வாரியத்தின் கோட்ட அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். தவணை முடிஞ்சிருந்தா பத்திரத்தைக் கேட்டு வாங்குங்க.

எங்க வீட்டுக் கதையின் மிச்சத்தைக் கேட்கிறீங்க. நோட்டீஸுக்குக் கெடுவுக்குள்ள பதில் போட்டோம். 1967-லிருந்து இருந்த ரசீதுகளில் பாதிக்கு மேல் அப்பா ஒரு பிஸ்கட் டின்னில் வைச்சிருந்தார், அதுதான் காப்பாத்துச்சு. வாடகையை மாத்தி நிர்ணயிச்சாங்க. நிலுவையைத் தவணையாக் கட்ட ஒத்துக்கிட்டாங்க. குத்தகை அம்மா பேருக்கு மாறியது. முதல் ரசீது வந்த அன்னைக்கு அம்மா அதில் தன் பேரை விரலால் தடவிப் பார்த்தாங்க. அந்த வீட்டுக்கு வந்து அத்தனை வருஷத்தில் அவங்க பேர் ஒரு காகிதத்தில் வந்தது அதுதான் முதல் தடவை. ரெண்டு வருஷம் கழிச்சு அவங்களும் போயிட்டாங்க. இந்தத் தடவை நான் 17 வருஷம் காத்திருக்கலை. காரியம் முடிஞ்ச மறுவாரமே வாரிசுச் சான்றுக்கு விண்ணப்பிச்சேன். இப்போ குத்தகை தம்பி பேரில் இருக்கு. கெடு முடியுற தேதியை சுவர்க் காலண்டருக்குப் பக்கத்தில் பெயின்ட்டில் எழுதி வைச்சிருக்கான்.

நோட்டீஸ் கையில் வைச்சிருக்கிறவங்க கூட்டம் முடிஞ்சதும் போயிடாதீங்க. பதில் தர வேண்டிய தேதி அதில் இருக்கும், அதைத்தான் முதலில் பார்க்கணும். வக்கீல் வைக்க வசதி இல்லைன்னா சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கு, தொலைபேசி 15100. பெண்களுக்கும் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமலேயே இலவச வக்கீல் கிடைக்கும். மனுவுக்குப் பதிலே வரலைன்னா முதல்வரின் முகவரித் துறை, 1100. அந்த மேசையில் பேர் மாற்ற மனுவின் மாதிரி வைச்சிருக்கேன், ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்குங்க. சம்மதக் கடிதம் ரெண்டாவது பக்கத்தில் இருக்கு.

கேள்வி இருந்தா கேளுங்க. அம்மா, நீங்க முதலில் கை தூக்கினீங்க, சொல்லுங்க.